நாயின் மூளைக்கு ஒரு ஜிக்

தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர்ப் பக்கம் வசிக்கும் மாணவர்களுக்குத் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை தெரிந்திருக்கும். உங்கள் வீட்டிலேயே ஒருவர் அங்கு வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். அவரிடம் "ஜிக் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகச் சொல்லுவார்.

இரும்புத் தகடு ஒன்றில், விளிம்பிலிருந்து 40 மி.மீ. தள்ளி, 30 பாகைச் சாய்வில் ஒரு துளை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு தகடு என்றால் அளந்து, கோடு கிழித்து, சென்டர் பஞ்ச் அடித்து, மெதுவாகத் துளையிடலாம். ஆயிரம் தகடுகள் என்றால்? ஒவ்வொன்றையும் அளந்துகொண்டிருந்தால் பொழுது விடியாது. அளவும் ஒன்றுபோல் இராது. எனவே பட்டறையில் ஒரு கூடு செய்துகொள்கிறார்கள். தகடு அந்தக் கூட்டுக்குள் ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். கூட்டின் மேற்புறத்தில், சரியான இடத்தில், சரியான சாய்வில், கடினமாக்கிய எஃகுக் குழாய் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு 'புஷ்' என்று பெயர். துரப்பணம் அந்தப் புஷ்ஷின் வழியாகத்தான் இறங்க முடியும். தொழிலாளி எதையும் அளக்க வேண்டியதில்லை. அளவு முழுவதும் ஜிக்குக்குள் இருக்கிறது.

இப்போது தகட்டுக்குப் பதில் ஒரு நாயின் மண்டையோட்டையும், துரப்பணத்துக்குப் பதில் மெல்லிய ஊசியையும் நினைத்துக்கொள்ளுங்கள். மூளைக்குள் சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு கட்டியை ஊசி தொட வேண்டும். வழியிலுள்ள இரத்தக் குழாய்களைத் தொடக்கூடாது. இதற்காக ஒரு நாய்க்கு ஒரு ஜிக் என்று கணிப்பொறியில் வரைந்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டு, ஒரே ஒருமுறை பயன்படுத்துகிறார்கள் சில கால்நடை மருத்துவர்கள். தொழிற்சாலையில் ஆயிரம் தகடுகளுக்கு ஒரு ஜிக். இங்கே ஒரே ஒரு தலைக்கு ஒரு ஜிக். வேறுபாடு அவ்வளவே.

ஊசி எதற்கு?

நல்ல கேள்வி. எம்.ஆர்.ஐ. என்னும் காந்த ஒத்ததிர்வுப் படம் மூளையை அடுக்கடுக்காகக் காட்டிவிடுகிறதே, பிறகு ஏன் குத்த வேண்டும்?

ஒரு பக் இன நாய்க்குத் திடீரென வலிப்பு வருகிறது என்க. (சில ஆண்டுகளுக்குமுன் ஒரு கைப்பேசி விளம்பரத்தைப் பார்த்து வீடு வீடாக வாங்கி வளர்த்தார்களே, சப்பை மூக்கு நாய், அதுதான்.) படத்தில் மூளையின் ஒரு பகுதி வெளுத்துத் தெரிகிறது. அது புற்றுக்கட்டியாக இருக்கலாம். பக் நாய்களுக்கு என்றே பெயர்போன ஒரு மூளை அழற்சி உண்டு. அதில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளைத் திசுவைத் தாக்கி அழிக்கிறது. அதுவாகவும் இருக்கலாம். ஏதேனும் பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம். படத்தில் இவை ஒன்றுபோலவே தெரிவதுண்டு. ஆனால் மருத்துவமோ நேர் எதிரானது. அழற்சி என்றால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தர வேண்டும். அதே மருந்தைத் தொற்று உள்ள நாய்க்குத் தந்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். கட்டி என்றால் கதிர்வீச்சோ அறுவையோ தேவைப்படும். ஆகவே ஒரு துளித் திசுவை வெளியே எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி கிட்டும். இதையே பயாப்சி என்கிறோம்.

இதில் மனிதருக்கும் ஆதாயம் உண்டு. பாக்ஸர், பாஸ்டன் டெரியர், பிரெஞ்சு புல்டாக் போன்ற குட்டை மூக்கு இனங்களில் கிளையோமா என்னும் மூளைக்கட்டி தானாகவே உண்டாகிறது. அது மனிதரின் கிளையோமாவைப் பல வகையில் ஒத்திருக்கிறது. நாயின் கட்டியை ஆராய்பவர்கள் மனிதனின் கட்டியையும் ஆராய்கிறார்கள் என்று சொல்லலாம்.

மனிதத் தலைக்கு முன்பே விலங்கின் தலை

மூளையின் உள்ளே ஒரு புள்ளியை வெளியிலிருந்து குறிவைக்கும் கலைக்கு 'ஸ்டீரியோடாக்சிஸ்' என்று பெயர். இது மனிதரிடம் தொடங்கி விலங்குக்கு வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1908-ஆம் ஆண்டு இலண்டனில் விக்டர் ஹார்ஸ்லி, ராபர்ட் கிளார்க் என்னும் இருவர் வெளியிட்ட முதற்கருவி, குரங்கின் சிறுமூளையை ஆராய்வதற்காகச் செய்யப்பட்டது. நீங்கள் கணக்கு வகுப்பில் படிக்கும் x, y, z ஆயங்களே அதன் அடிப்படை. இரு காதுத் துளைகளையும் கண்குழிகளின் கீழ்விளிம்பையும் ஆதாரமாகக் கொண்டு ஒரு தளத்தை வகுத்தார்கள். அங்கிருந்து இவ்வளவு முன்னே, இவ்வளவு பக்கவாட்டில், இவ்வளவு ஆழத்தில் இன்ன பகுதி இருக்கிறது என்று வரைபட ஏடு தயாரித்தார்கள்.

குரங்குக்கு இது பொருந்தியது. ஓர் இனத்துக் குரங்குகளின் தலைகள் ஏறத்தாழ ஒரே அளவு. மனிதனிடம் சற்றுச் சிரமம். 1947-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்பீகல், வைசிஸ் இருவரும் மனிதருக்கான கருவியை வெளியிட்டபோது, ஒவ்வொரு நோயாளியின் தலைக்கும் தனித்தனியே பாரிஸ் சாந்தில் தொப்பி வார்த்து, அதன்மீது கருவியைப் பொருத்தினார்கள். இன்று அச்சுப்பொறி செய்வதை அன்று சாந்தும் கையும் செய்தன!

நம் சென்னைக்கும் இந்த வரலாற்றில் நல்ல இடம் உண்டு. அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் மூளை நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் பி. இராமமூர்த்தி. அவரும் டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் எஸ். கல்யாணராமன், இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் என அறியப்படும் டாக்டர் டி.எஸ். கனகா ஆகியோரும் 1960-களில் ஸ்டீரியோடாக்சிஸ் முறையில் பல அறுவைகள் செய்து உலகின் கவனத்தைப் பெற்றனர். அப்போது சி.டி. படமும் இல்லை, எம்.ஆர்.ஐ. படமும் இல்லை என்பதை மறவாதீர்கள். முதல் நோயாளிக்கு சி.டி. எடுக்கப்பட்டதே 1971-இல்தான். மூளையின் உட்குழிகளில் காற்றையோ, எக்ஸ் கதிரில் தெரியும் மருந்தையோ செலுத்தி, அந்தக் குழிகளின் நிழலைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத இலக்கைக் கணக்கிட்டார்கள். எனக்கு இன்றும் வியப்பூட்டும் செயல் இது.

இனி நாய்க்கு வருவோம். நம் ஊர்ச் சிப்பிப்பாறை நாயின் முகத்தைப் பாருங்கள்: நீண்டு குறுகிய முகவாய். இராசபாளையம் நாய் இன்னும் பெரிது. பக்கம் நிற்கும் பக் நாய்க்கோ மூக்கே இல்லை! இவை மூன்றும் ஒரே இனவகை விலங்குகள். ஆயினும் காதுத் துளைக்கும் மூளையின் நடுவுக்கும் உள்ள தொலைவு மூன்றிலும் வேறு வேறு. மண்டையின் மேல் மேடு, நெற்றியெலும்பின் காற்றறை, பக்கவாட்டுத் தசையின் தடிப்பு எல்லாமே மாறும். ஹார்ஸ்லி, கிளார்க் முறையில் "சராசரி நாய்" என்று ஓர் ஏடு போட்டால் அது எந்த நாய்க்கும் சரிப்படாது. நாயின் மூளை ஏறத்தாழ ஒரு சிறு சாத்துக்குடி அளவே. அதற்குள் 5 மி.மீ. பிசகினால் கட்டியைவிட்டு வேறெங்கோ போய்விடுவோம். ஆகவேதான் அந்தந்த நாயின் படத்தைக்கொண்டே அந்தந்த நாய்க்கு வழிகாட்டி செய்ய வேண்டியதாயிற்று.

மூன்று கால் முக்காலி

படத்தில் கட்டி எங்கே உள்ளது என்று தெரிந்துவிட்டது. அந்தப் புள்ளியை உண்மையான தலையில் எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே ஒரு பாலம் வேண்டும். படத்திலும் தெரிய வேண்டும், தலையிலும் அசையாமல் இருக்க வேண்டும், அப்படிச் சில அடையாளப் புள்ளிகள்.

எத்தனை புள்ளிகள்? ஒன்று போதாது, அதைச் சுற்றித் தலை எப்படி வேண்டுமானாலும் திரும்பலாம். இரண்டும் போதா, இரண்டையும் இணைக்கும் கோட்டை அச்சாகக் கொண்டு உருளலாம். ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் நிலைபெற்றால் திடப்பொருள் அசைய இடமில்லை. முக்காலி ஆடாமல் நிற்பதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், எலும்பில் சிறு நங்கூரங்களைத் திருகி, அவற்றின்மேல் படத்தில் தெரியும் குறியீடுகளைப் பொருத்திப் படமெடுத்தார்கள். பிறகு அதே நங்கூரங்களின்மேல் உட்காரும்படி ஒரு சட்டத்தை அச்சிட்டார்கள். 2019-இல் இறந்த நாய்களின் தலைகளில் சோதித்த முடிவை வெளியிட்டு, 2022-இல் நோயுற்ற மூன்று நாய்களுக்குச் செய்ததையும் வெளியிட்டனர். அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட முறையில், நாயின் முகவடிவுக்கேற்ற முகமூடியே ஆதாரம். வர்ஜீனியா டெக் கல்லூரியினர் 2021-இல் வெளியிட்ட முறை இன்னும் நேரடியானது: மண்டையெலும்பின் மேடுபள்ளங்களையே அச்சாக எடுத்து, பூட்டுக்குச் சாவிபோல் எலும்பின்மீது ஒரே இடத்தில் உட்காரும் வழிகாட்டி. எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவது. நங்கூரமும் வேண்டாம், தனிக் குறியீடும் வேண்டாம். ஆனால் எலும்பு வழுவழுப்பாக, உருண்டையாக இருக்கும் சிறிய தலைகளில் சாவி வழுக்கிவிடக் கூடும் என்பதை யோசித்தாலே தெரியும்.

குறியீடு எதனால் செய்வது? எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிவது பெரும்பாலும் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் வைட்டமின் ஈ எண்ணெய்க் குளிகை படத்தில் பளிச்சென்று தெரியும். மருத்துவமனைகளில் அதைக் குறியீடாக ஒட்டுவது வழக்கம். மலிவான, புத்திசாலித்தனமான ஏற்பாடு! ஆனால் ஒரு பெளதிக ஆசிரியனுக்கு இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும்.

காந்தப்புலத்தில் வைத்த ஹைட்ரஜன் அணுக்கரு, ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் என்ற வீதத்தில் அதிர்கிறது. 1.5 டெஸ்லாக் கருவியில் இது ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். எல்லா இடத்திலும் ஒரே அதிர்வெண் என்றால் எந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று எப்படிப் பிரிப்பது? அதற்காக, இடத்துக்கு இடம் புலம் சிறிது கூடும்படி செய்கிறார்கள். மீட்டருக்கு 10 மில்லிடெஸ்லா கூடுகிறது என்றால், மில்லிமீட்டருக்கு 426 ஹெர்ட்ஸ் கூடும். ஆர்மோனியத்தின் கட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சுருதியைக் கேட்டே எந்தக் கட்டை என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோல அதிர்வெண்ணைக் கேட்டு இடத்தைச் சொல்கிறது கருவி.

ஆனால் எண்ணெயிலுள்ள ஹைட்ரஜன், நீரிலுள்ள ஹைட்ரஜனைவிடப் பத்து இலட்சத்தில் 3.5 பங்கு தாழ்ந்த சுருதியில் பாடுகிறது. 64 மெகாஹெர்ட்ஸில் இது சுமார் 224 ஹெர்ட்ஸ். கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. "சுருதி 224 ஹெர்ட்ஸ் தாழ்ந்திருக்கிறது, ஆகவே இடம் தள்ளியிருக்கிறது" என்று முடிவு கட்டி, எண்ணெய்க் குளிகையை 224-ஐ 426-ஆல் வகுத்த அளவு, அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக, நகர்த்தி வரைந்துவிடுகிறது. மூளை பெரும்பாலும் நீர்; அது நகர்வதில்லை. குறியீடு மட்டும் நகர்ந்தால் அதை நம்பிச் செய்த ஜிக் முழுவதும் அரை மில்லிமீட்டர் பிசகும். புலச்சரிவை இரட்டிப்பாக்கினால் பிசகு பாதியாகும். அல்லது எண்ணெய்க்குப் பதில் நீர்க்கரைசல் நிரப்பிய குறியீட்டைப் பயன்படுத்தலாம். நெற்றிக் காற்றறையை ஒட்டிய இடங்களிலும், காற்றும் திசுவும் காந்தப்புலத்தை வேறுவிதமாக ஏற்பதால் படம் சற்று வளைகிறது. எலும்பின் வடிவை எடுக்க சி.டி. படத்தையும் கூட எடுப்பது இதனால்தான், எம்.ஆர்.ஐ. படத்தில் கெட்டி எலும்பு வெறும் கருப்பாகத்தான் தெரியும்.

அச்சில் ஏறுகிறது

படங்களைக் கணிப்பொறியில் அடுக்கி, எலும்பை வேறாக, கட்டியை வேறாக, இரத்தக் குழாய்களை வேறாக வண்ணம் தீட்டிப் பிரிக்கிறார்கள். கட்டியில் ஒரு புள்ளி. மண்டையின் மேல் ஒரு புள்ளி. இரண்டையும் இணைக்கும் நேர்கோடு. அந்தக் கோடு பெரிய இரத்தக் குழாயையும் நீர் நிறைந்த உட்குழியையும் தொடாத வரை மேற்புள்ளியை நகர்த்திப் பார்க்கிறார்கள். வழி முடிவானதும் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு குழாய், அதைத் தாங்கும் கால்கள் என்று வழிகாட்டி உருவாகிறது. அது ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாக மாற்றப்பட்டு அச்சுப்பொறிக்குப் போகிறது. பொறி அதை, ஒன்றன்மேல் ஒன்றாக, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள அடுக்குகளாகக் கட்டி எழுப்புகிறது. அமெரிக்கர் சார்லஸ் ஹல் இவ்வகைப் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை கோரியது 1984-இல்.

எந்தப் பொருளில் அச்சிடுவது என்பது சில்லறை விஷயமல்ல. பள்ளி ஆய்வகங்களில் பொம்மை அச்சிடும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் நீராவிக் கலனிலோ வெப்பம் 121 பாகை. போட்டது ஜிக், எடுத்தது அப்பளம் என்றாகிவிடும். எனவே வெப்பம் தாங்கும் நைலான் வகையையோ, தகுந்த பிசினையோ தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது வெப்பமின்றி வாயுவால் கிருமி நீக்க வேண்டும். குளிரும்போது ஒரு சதவீதம் சுருங்கினாலும் 100 மி.மீ. நீளத்தில் 1 மி.மீ. போயிற்று! வெர்னியர் காலிப்பரால் அளந்து பார்க்காமல் எதையும் அறுவை அறைக்குள் எடுத்துச் செல்லலாகாது. நாயின் மண்டையோட்டையும் கூடவே அச்சிட்டுக்கொண்டால், அதன்மீது வழிகாட்டியை வைத்து ஊசியை இறக்கி முன்னதாகவே ஒத்திகை பார்க்கலாம்.

புஷ்ஷின் நீளம் பற்றி ஒரு கணக்கு. ஊசியின் விட்டம் 1.8 மி.மீ. என்றும், வழிகாட்டித் துளை 2.0 மி.மீ. என்றும் கொள்க. 0.2 மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் ஊசி இறங்காது; இருந்தால் ஊசி சாயும். குழாயின் நீளம் 10 மி.மீ. என்றால் அதிகபட்சச் சாய்வு 0.2/10. குழாயின் அடியிலிருந்து 40 மி.மீ. ஆழத்தில் உள்ள கட்டியில் இது 0.8 மி.மீ. ஆகும். குழாயின் அடியிலேயே உள்ள 0.1 மி.மீ. பிசகையும் சேர்த்தால் 0.9 மி.மீ. குழாயை 30 மி.மீ. நீளமாக்கினால்? மொத்தப் பிசகு 0.37 மி.மீ.தான். துளையை நெருக்கமாக்குவதைவிடக் குழாயை நீளமாக்குவது எளிது. திருமுடிவாக்கத்துப் பட்டறைக்காரருக்கு இது பழைய செய்தி.

அறுவையன்று நாய்க்கு முழு மயக்கம் கொடுத்து, வழிகாட்டியைப் பொருத்தி, அதன் வழியே எலும்பில் சில மில்லிமீட்டர் அகலத் துளை இடுகிறார்கள். ஊசி உண்மையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழல்கள். இரண்டிலும் பக்கவாட்டில் சன்னல் உண்டு. இலக்கை அடைந்ததும் சன்னல்களை நேராக்கி, ஊசிக்குழாயால் மெல்ல உறிஞ்சினால் திசு உள்ளே நுழையும். உட்குழலைத் திருப்பினால் சன்னல் மூடி, திசு துண்டிக்கப்படும். அதில் ஒரு துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிச் சாயமிட்டு அப்போதே நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.

ஆபத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். படத்தில் தெரியாத சிறு குழாய் அறுபட்டால் மூளைக்குள் இரத்தம் கசியும். எலும்பைத் திறந்தபின் மூளையும் சற்று நகரும்; முந்திய நாள் படத்தை நம்பிச் செய்த ஜிக்குக்கு அது தெரியாது. கட்டியின் விளிம்பில் எடுத்த துணுக்கு நடுவிலுள்ளதைச் சொல்லாமலும் போகலாம். வயது முதிர்ந்து நலிந்த நாய்க்கு மயக்க மருந்தே பெரும் சோதனை. அத்தகைய நாயை ஊசியின்றி நிம்மதியாக விட்டுவிடுவதே மேல் என்று மருத்துவர் சொன்னால், நான் அவர் பக்கம் நிற்பேன். ஆனால் இரண்டு வயது பக் நாய், படம் இரண்டு பதில் சொல்கிறது, மருந்து ஒன்றுக்கொன்று எதிர் என்றால், அங்கே அந்த அரை மில்லிமீட்டர்க் கணக்குகளுக்கு உயிர் வந்துவிடுகிறது.

புஷ் கணக்கை நீங்களே சோதிக்கலாம். ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும், குளிர்பானம் உறிஞ்சும் குழலும், வரைபடத் தாளும் போதும். குழலை 2 செ.மீ., 6 செ.மீ. நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். சிறிய துண்டை ஒரு மரக்கட்டையின் பக்கத்தில் செங்குத்தாக ஒட்டி, அதன் அடிமுனை தாளிலிருந்து சரியாக 10 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு வையுங்கள். கம்பியை விட்டு, எல்லாத் திசையிலும் சாய்த்து, முனை தொடும் எல்லைப் புள்ளிகளைத் தாளில் குறியுங்கள். பெரிய துண்டுக்கும் அவ்வாறே செய்யுங்கள். கம்பி 2 மி.மீ., குழலின் உள்விட்டம் 5 மி.மீ. என்றால் முதல் வட்டத்தின் ஆரம் 16.5 மி.மீ.க்கு அருகிலும், இரண்டாவது 6.5 மி.மீ.க்கு அருகிலும் வர வேண்டும். உங்கள் அளவு சற்றுக் கூடுதலாக வந்தால், குழல் நெளிகிறதா, ஒட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.